ஐந்து கோடுகளும் ஓர் அலைக்கோடும்
ஏ. எம். சின்னசாமி முதலியாரின் இசைப்பணி குறித்து

மார்கழி பிறந்துவிட்டால் மயிலாப்பூரும் தியாகராய நகரும் அடையாறும் இசையால் நிறைந்துவிடுவதை நம் வாசகர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. சாந்தோமிலிருந்து இராயப்பேட்டை வழியாகச் செல்லும் எவரும் டி.டி.கே. சாலையில் மியூசிக் அகாதெமியின் வாயிலில் நிற்கும் கூட்டத்தைக் கண்டிருப்பர். அங்கே காலை நேரங்களில் நடைபெறும் ஆய்வரங்குகளில் பாடாந்தரம் பற்றி ஐயம் எழும்போது அறிஞர்கள் நாடும் நூல் ஒன்று உண்டு. சுப்பராம தீட்சிதர் தெலுங்கில் இயற்றி, 1904ஆம் ஆண்டு எட்டயபுரத்தில் அச்சேறிய ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்பதே அது. முத்துசுவாமி தீட்சிதரின் 229 கீர்த்தனைகள் சுரக்குறியீட்டோடு நமக்குக் கிடைத்திருப்பது பெரும்பாலும் அந்நூலின் கொடை. மியூசிக் அகாதெமியே அதனை 1961 முதல் 1983 வரை ஐந்து பகுதிகளாகத் தமிழ் எழுத்தில் வெளியிட்டது.

அந்நூல் பிறப்பதற்குக் காரணமாயிருந்தவர் ஒரு கத்தோலிக்கப் பொதுநிலையினர். ஏ. எம். சின்னசாமி முதலியார் என்பது அவர் பெயர். முதுகலைப் பட்டம் பெற்றவர். சென்னை அரசுச் செயலகத்தில் கண்காணிப்பாளராகப் பணிபுரிந்தவர். இசையறிஞர் வட்டத்தில் இப்பெயரைக் கேட்டால் மரியாதையோடு தலையசைப்போர் உளர். நம் பங்குகளிலோ இப்பெயரைச் சொன்னால், அவர் யார் என்று வினவுவோரே மிகுதி. இக்கட்டுரையில் அவருக்குப் புகழாரம் சூட்டுவது நம் நோக்கமன்று. அவர் எழுதிய நூல் என்ன செய்ய முயன்றது, எதில் வென்றது, எதில் தோற்றது என்பதை ஆராய்வதே நோக்கம். முயற்சியின் அளவு தெரியாமல் மனிதரைப் பாராட்டுவது அவருக்கும் நன்மை செய்வதாகாது.

1892ஆம் ஆண்டில் முதலியார் ‘ஐரோப்பியக் குறியீட்டில் கீழைநாட்டு இசை’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் மாத வெளியீடு ஒன்றைத் தொடங்கினார். புதுப்பேட்டை ஆவே மரியா அச்சகத்தில் அது அச்சாயிற்று. மரியன்னையின் பெயர் தாங்கிய அச்சகத்திலிருந்து தியாகராஜரின் கீர்த்தனைகள் ஐங்கோட்டுக் குறியீட்டில் வெளிவந்தன. இதை ஒரு விந்தையாகக் காட்டிச் சிரிப்பதோ சிலிர்ப்பதோ எளிது. ஆனால் அன்றைய சென்னையில் இசை எவ்வாறு கைமாறியது என்பதை எண்ணிப் பார்ப்போர்க்கு இது அத்துணை விந்தையாகத் தோன்றாது.

மேலை இசையோடு நம் இசைவாணர் கொண்ட உறவு முதலியாருக்கு நூறாண்டு முன்பே தொடங்கியிருந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் மணலி முதலியார்களின் ஆதரவில் வாழ்ந்த காலத்தில், அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதருக்கு ஐரோப்பிய வயலின் ஆசிரியர் ஒருவரை அமர்த்திக் கற்பித்தவர் மணலிச் சின்னையா முதலியார். நம் கச்சேரி மேடையில் வயலின் ஏறிய வரலாற்றில் அது ஒரு முக்கியமான படி. புனித ஜார்ஜ் கோட்டையின் வாத்தியக் குழுவினர் வாசித்த மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் வடமொழியில் 40 அளவில் சிறு பாடல்கள் புனைந்தார். அவற்றை நோட்டுசுரம் என்கிறோம். மெட்டு கோட்டையிலிருந்து வெளியே வந்து வடமொழி உடுத்திக்கொண்டது. ஏறக்குறைய நூறாண்டு கழித்து அதே கோட்டையின் அரசு அலுவலர் ஒருவர் எதிர்த்திசையில் நடந்தார் எனலாம். கீர்த்தனையை எடுத்துக்கொண்டு கோட்டைக்குள் நுழைய விரும்பினார்.

அவர் காலத்தில் இவ்வெண்ணம் தனித்து நின்ற ஒன்றன்று. வங்கத்தில் 1870களிலேயே, இந்திய இசைக்கு ஐரோப்பியக் குறியீடு தகுமா என்ற வழக்கு மூண்டிருந்தது. சி. பி. கிளார்க் என்ற ஆங்கிலேயர் தகும் என்றார். சௌரீந்திர மோகன் தாகூர் தகாது என்றார். 1891இல் படைத்தலைவர் டே என்பவர் தென்னிந்திய இசையும் இசைக்கருவிகளும் பற்றி அழகிய பெருநூல் ஒன்றை வெளியிட்டார். சென்னையிலேயே தச்சூர் சிங்கராசார்யுலு சகோதரர்கள் தெலுங்கில் ச ரி க ம எழுத்துகளைக் கொண்டு பாடநூல்களை அச்சிட்டு வந்தனர். இவர்களுக்கும் முதலியாருக்கும் உள்ள வேற்றுமை இங்குக் கவனிக்கத்தக்கது. டே வெளியே நின்று பார்த்தவர். சிங்கராசார்யுலு சகோதரர்கள் உள்ளே நின்று, உள்ளிருப்போர்க்காக எழுதியவர்கள். முதலியார் உள்ளிருப்பவராய் இருந்துகொண்டு வெளியிலிருப்போர்க்காக எழுதினார். அவர் நூலின் வலிமையும் நலிவும் இந்த ஒரே இடத்திலிருந்து கிளைப்பதாக நாம் கருதுகிறோம்.

முதலில் வலிமை. தியாகராஜர் 1847ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மறைந்தார். முதலியாரின் வெளியீடு தொடங்கியபோது 45 ஆண்டுகளே கடந்திருந்தன. தியாகராஜரின் நேர் மாணவரான வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதரின் மகன் கிருஷ்ணசாமி பாகவதரிடமிருந்து முதலியார் பாடல்களைக் கேட்டுக் குறியீடு செய்தார். குருவுக்கும் குறியீட்டுக்கும் இடையே இரண்டே தலைமுறை. இன்று நாம் கேட்கும் பல கீர்த்தனைகள் அதற்குப் பின் நாலைந்து குருமார்களின் வாய்வழி வந்தவை. ஒவ்வொரு வாயும் தன் சுவையைச் சிறிது சேர்த்திருக்கும். அது குற்றமன்று, வாய்மொழி மரபின் உயிரே அதுதான். ஆயினும் பழைய உருவம் யாது என அறிய விரும்புவோர்க்கு இத்தகைய ஆவணம் கிடைப்பது அரிது.

குறிப்பாகச் சங்கதிகளை எடுத்துக்கொள்வோம். ஒரே வரியைத் தியாகராஜர் எளிய உருவில் தொடங்கிப் படிப்படியாக விரிப்பார். முதல் சங்கதியில் ஒரு சுரம் நின்ற இடத்தில் இரண்டாவதில் இரண்டு நிற்கும். மூன்றாவதில் வரி மேல் ஸ்தாயியை எட்டிப் பார்க்கும். ஐந்தாவதில் அதே சொற்கள் வேறொரு வெளிச்சத்தில் நிற்பது போலத் தோன்றும். இது கேட்டுக் களிக்க மட்டும் உரியதன்று, கட்டிடம் போன்ற ஒழுங்குடையது. ஐங்கோட்டுக் குறியீட்டில் எழுதினால் அவ்வொழுங்கு கண்ணுக்கே புலப்படும். ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்ட சங்கதிகளைப் பார்க்கும்போது, சுரங்கள் மேலேறுவதும் தாழ்வதும் மலைத்தொடரின் வரைபடம் போல் தெரியும். ச ரி க ம என்று எழுத்தில் எழுதும்போது இந்தக் காட்சி கிட்டாது. ‘ப’ என்ற எழுத்து ‘க’ என்ற எழுத்தைவிட உயரமானதன்று அல்லவா? பாடலின் உருவத்தைக் கண்ணால் காணச் செய்ததில் முதலியாரின் தேர்வு பிழையில்லாதது. மேலை முறையைக் கண்மூடிப் பின்பற்றினார் என்று அவரைக் குறை சொல்வோர் இதனையும் எண்ணிப் பார்த்தல் நலம்.

நலிவு எங்கே என்று அறிய இராகத்தின் உள்ளே சற்று நுழைய வேண்டும். இசைப் பயிற்சி இல்லாத வாசகர்களும் பொறுமையோடு உடன்வருமாறு வேண்டுகிறோம்.

சங்கராபரணத்தின் ஏழு சுரங்களையும் கீபோர்டில் அடுத்தடுத்த வெள்ளைக் கட்டைகளில் காட்டிவிடலாம். தோடியின் சுரங்களையும் அவ்வாறே காட்டலாம். சில கருங்கட்டைகள் சேரும். ஆனால் தோடியில் சாதாரண காந்தாரத்துக்கு உரிய கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ‘இதோ தோடி’ என்றால், இராகம் தெரிந்த ஒருவரும் ஒப்பமாட்டார். பாடகரின் குரல் அந்தக் காந்தாரத்தில் நிற்பதே இல்லை. கீழே ரிஷபத்தின் பக்கமும் மேலே மத்திமத்தின் பக்கமும் அசைந்துகொண்டே இருக்கும். அந்த அசைவின் பெயர்தான் தோடியின் காந்தாரம். தர்பார், நாயகி என இரு இராகங்கள் உண்டு. இரண்டும் ஒரே தாய் இராகத்தில் பிறந்தவை. இரண்டிலும் தியாகராஜர் பாடியிருக்கிறார். சுரங்களைப் பட்டியலிட்டால் அக்காள் தங்கை போல் ஒத்திருக்கும். காந்தாரத்தை அசைக்கும் விதத்திலும் சுரங்களைக் கோக்கும் விதத்திலுமே அவற்றின் முகம் வேறுபடும். இந்த அசைவுகளைக் கமகம் என்கிறோம். நம் இசையில் கமகம் என்பது சேலையின் மேல் தைத்த சரிகையன்று. நெசவே அதுதான்.

ஐங்கோட்டுக் குறியீட்டில் ஒரு புள்ளி ஒரு கோட்டின் மேல் அல்லது இரு கோடுகளின் இடையே நிற்கும். நிற்றல் அதன் இயல்பு. நில்லாத ஒன்றை நிற்கும் புள்ளியால் எழுத முயன்றதே முதலியார் எதிர்கொண்ட இடர். சிறு சிறு புள்ளிகளைச் சேர்த்து அசைவைக் காட்ட முற்பட்டால் ஏடு கறுத்துப் போகும். வாசிப்பவர் ஒவ்வொரு புள்ளியையும் தனிச் சுரமாக எண்ணி வெட்டி வெட்டி வாசிப்பார். காட்டாமல் விட்டால் எலும்புக்கூடு எஞ்சும். தாளத்திலும் இதுபோன்றதொரு சிக்கல் உண்டு. மேலைக் குறியீட்டில் செங்குத்துக் கோட்டை அடுத்து வரும் முதல் அடி அழுத்தம் பெறுவது வழக்கம். நம் ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கைக்குள் தியாகராஜரின் பல்லவிகள் பல, சமத்திலிருந்து சற்றுத் தள்ளி எடுப்பவை. அழுத்தம் சாகித்தியத்தையும் இராகத்தையும் சார்ந்தது. கோடு போட்டுப் பிரித்த பக்கத்தைப் பார்த்து வாசிக்கும் அயலார் சமத்தில் ஓங்கித் தட்டினால் பாட்டின் நடை அணிவகுப்பாகிவிடும்.

இவற்றைவிடப் பெரிய சிக்கல் குறியீட்டில் இல்லை; வாசகரிடம் இருந்தது. ஐங்கோட்டைப் படிக்கத் தெரிந்தோர்க்குக் கீர்த்தனை தெரியாது. கீர்த்தனை தெரிந்தோர்க்கு ஐங்கோட்டைப் படிக்கத் தெரியாது. இரண்டும் தெரிந்தவர் முதலியார். அவரைப் போல் வேறு எத்தனை பேர் 1892ஆம் ஆண்டுச் சென்னையில் இருந்திருக்கக்கூடும்? கைவிரல்களால் எண்ணிவிடலாம் என்பது நம் ஊகம். சந்தாவை நம்பித் தொடங்கிய வெளியீடு நீண்டநாள் நடைபெறாமல் போனதில் வியப்பில்லை. கைப்பொருளை அவர் இதில் செலவிட்டார். ஓயாத உழைப்பால் கண்பார்வையும் குன்றிற்று.

நம் சமூகத்தினரிடையே ஒரு வினா எழக்கூடும். எழுவதை நாம் கேட்டும் இருக்கிறோம். ஒரு கத்தோலிக்கர் தம் செல்வத்தையும் கண்களையும் இராமனைப் பாடும் பாடல்களுக்காகச் செலவிட வேண்டுமா? அதே ஊக்கத்தை நம் ஞானப்பாடல்களுக்குக் காட்டியிருக்கலாகாதா? இவ்வினாவை எள்ளி ஒதுக்க நாம் விரும்பவில்லை. தன் வீட்டுக்கு விளக்கில்லாதபோது அடுத்த வீட்டுக்கு விளக்கேற்றியவரைப் பற்றி வீட்டார் முணுமுணுப்பது இயல்பு. ஆனால் முதலியாரின் காலத்தை வைத்துப் பார்க்க வேண்டும். அன்று நம் ஆலயங்களின் திருவழிபாட்டு மொழி இலத்தீன். பாடற்குழுக்கள் பாடியதும் பெரும்பாலும் ஐரோப்பிய மெட்டு. கருநாடக இசையின் இலக்கணத்தைக் கற்க விரும்பும் கிறிஸ்தவர் செல்லக்கூடிய ஒரே பள்ளி, கீர்த்தனை மரபுதான். மாயூரம் வேதநாயகம் பிள்ளை, அவரும் நம்மவரே, சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை இயற்றியபோது அம்மரபின் கட்டுக்கோப்பிலேயே இயற்றினார். கட்டுக்கோப்பு யாருக்கும் தனியுடைமையன்று. அதைப் பத்திரப்படுத்துபவர் தமக்கும் தம் பிள்ளைகளுக்கும் சேர்த்தே பத்திரப்படுத்துகிறார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டில், மறைபரப்பு நாடுகளில் அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்பும் இடமும் தரப்பட வேண்டும் என்று அறிவித்தது. அம்மதிப்பை முதலியார் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே, யாரும் கேளாமலே அளித்திருந்தார்.

தஞ்சை ஆபிரகாம் பண்டிதரை இங்கு ஒப்பிடத் தோன்றுகிறது. சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த அப்பெருமகனார் 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை வெளியிட்டார். தஞ்சையில் இசை மாநாடுகளைக் கூட்டினார். தாமே பாடல்களும் இயற்றினார். தமிழிசை பற்றிப் பேசுவோர் அவரை மறப்பதில்லை. பண்டிதருக்கு ஒரு கொள்கை இருந்தது. சுருதிகள் எத்தனை என்ற வழக்கில் அவர் ஒரு கட்சியின் தலைவர். முதலியாருக்குக் கொள்கை இல்லை, வேலை இருந்தது. கொள்கையாளரை வரலாறு நினைவில் கொள்ளும் அளவுக்கு எழுத்தரை நினைவில் கொள்வதில்லை போலும்.

நம் திருச்சபையின் இசை வரலாற்றிலேயே முதலியாரின் இடருக்கு ஓர் ஒப்புமை கிடைக்கிறது; அதனை விரித்துரைக்க விரும்புகிறோம். கிரகோரியன் பாடல்களைத் துறவியர் முதன்முதலில் எழுதியபோது கோடுகள் இல்லை. இலத்தீன் சொற்களின் மேல் வளைவுகளும் கொக்கிகளும் நெளிவுகளுமான குறிகளை இட்டனர். நியூம் எனப்படும் அக்குறிகள் சுரம் எது என்பதைத் துல்லியமாகக் காட்டா. குரல் எப்படி அசைகிறது என்பதைக் காட்டும். மெட்டு முன்பே தெரிந்தவர்க்கு அவை நினைவூட்டு. பதினோராம் நூற்றாண்டில் அரெஸ்ஸோ நகரக் குயிதோ என்னும் துறவி கோடுகளின்மேல் சுரங்களை நிறுத்தும் முறையைச் செம்மைப்படுத்தினார். அதன்பின் கேட்டறியாத பாடலையும் ஏட்டைப் பார்த்துப் பாட முடிந்தது. மாபெரும் ஆதாயம். அதற்குக் கொடுத்த விலை, குரலின் நுண்ணசைவுகள் ஏட்டிலிருந்து மெல்ல மறைந்தன. பாடல்கள் நாளடைவில் தட்டையாயின.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுச் சொலேம் மடத்துத் துறவியர், இழந்ததை மீட்கப் பழைய கையெழுத்துப் படிகளை நாடினர். 1889ஆம் ஆண்டு முதல் அப்படிகளின் ஒளிப்படங்களைத் தொடர் வெளியீடாக அச்சிட்டனர். முதலியாரின் மாத வெளியீட்டுக்கு மூன்றே ஆண்டு முன்பு! ஒருவரையொருவர் அறிந்திருந்தனர் என்று நாம் சொல்லவில்லை. ஒரே கவலை இரு நாடுகளில் ஒரே காலத்தில் கத்தோலிக்கரை வருத்தியது என்பதை மட்டும் குறிக்கிறோம். திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1903ஆம் ஆண்டு நவம்பரில் கிரகோரியன் பாடலைத் திருவழிபாட்டு இசைக்கு உயரிய முன்மாதிரியாக அறிவித்தார். அடுத்த ஆண்டே எட்டயபுரத்து நூல் வெளிவந்தது.

ஐரோப்பாவில் அசைவுக்குறி முன்னே வந்தது, கோடு பின்னே வந்தது. நம் முதலியார் கோட்டில் தொடங்கி அசைவுக்குறியிடம் போய்ச் சேர வேண்டியிருந்தது. அவர் போய்ச் சேர்ந்ததே அவருடைய பெருமை என்போம். தம் நூலையே கட்டிக்கொண்டு, ‘இதுவே முறை, மற்றவை பிழை’ என்று வாதாடியிருந்தால் அவர் பெயர் ஒரு பழைய நூற்பட்டியலில் அடங்கியிருக்கும்.

முத்துசுவாமி தீட்சிதரின் பாடல்களைத் தேடியபோது அவர் சுப்பராம தீட்சிதரைப் பற்றி அறிந்தார். பாலுசுவாமி தீட்சிதரின் மகள்வயிற்றுப் பேரனாய்ப் பிறந்து, அவருக்கே சுவீகார மகனான சுப்பராம தீட்சிதர் (1839–1906) எட்டயபுரம் அரண்மனை வித்துவான். குடும்பத்தின் ஏட்டுச் செல்வமும் பாடாந்தரமும் அவரிடமே இருந்தன. அவை வீட்டுக்கு வெளியே சென்றதில்லை. அக்காலத்து வித்துவான்களுக்குப் பாடாந்தரம் என்பது நிலபுலம் போன்றது. அதனை முன்பின் அறியாத, வேற்றுச் சமயத்து அரசு அலுவலரிடம் யார் எடுத்துக் கொடுப்பார்? எட்டயபுரம் மன்னரின் துணையை முதலியார் நாடினார். தீட்சிதரோடு சேர்ந்து பணியாற்றினார். கீர்த்தனைகளைக் கேட்டு ஐங்கோட்டில் எழுத எழுத, புள்ளிகளுக்குள் அடங்காதது எவ்வளவு என்பது அவருக்கு நாள்தோறும் புலப்பட்டிருக்க வேண்டும்.

1899ஆம் ஆண்டு, பார்வை குன்றிய நிலையில் முதலியார் எட்டயபுரத்துக்குப் பயணமானார். சென்னையிலிருந்து திருநெல்வேலிச் சீமை வரை இரயிலும் வண்டியுமாகச் செல்லும் அந்நாளைய பயணத்தின் வருத்தத்தை நாம் விவரிக்க வேண்டியதில்லை. அங்கே மன்னரிடம் அவர் வைத்த வேண்டுகோளைக் கவனித்தல் வேண்டும். தம் வெளியீட்டைத் தொடரப் பொருள் கேட்கவில்லை. சுப்பராம தீட்சிதர் தம்மிடமுள்ள அனைத்தையும் நம் நாட்டு முறையிலேயே, கமகக் குறிகளோடு நூலாக எழுதி வெளியிட மன்னர் கட்டளையிட வேண்டும் என்பதே வேண்டுகோள். தீட்சிதர் முதலில் தயங்கினார். மன்னர் சொல்லைத் தட்ட இயலாமலும், முதலியாரின் நிலையைக் கண்டும் இசைந்தார். எட்டயபுரத்திலேயே வித்யா விலாசினி அச்சகத்தில் பணி தொடங்கியது.

தாம் தேர்ந்த முறையை விட்டு, வேறொருவர் வேறு முறையில் எழுதக் கேட்டு நின்ற இம்மனிதரை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? தோல்வியை ஒப்புக்கொண்டவர் என்று சிலர் சொல்லலாம். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. தம் முறைக்கும் தாம் காக்க விரும்பிய பொருளுக்கும் இடையே தேர்ந்தெடுக்கும் நிலை வந்தபோது, அவர் பொருளைத் தேர்ந்தார். ஆய்வாளர்களிடம் இது அடிக்கடி காணப்படும் குணமன்று. நம் காலத்து ஆய்வாளர்களிடமும் கூட.

பிரதர்சினியைத் திறந்து பார்ப்போர்க்கு முதலில் கண்ணில் படுவது குறிகளின் நுணுக்கம். கம்பிதத்துக்குச் சுரத்தின் மேல் ஓர் அலைக்கோடு. ஜாருவுக்கு ஏறவும் இறங்கவும் சாய்கோடுகள். நொக்கு, ஸ்புரிதம், ரவை, ஒதுக்கல், ஒரிக்கை, வளி, கண்டிப்பு என ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னம். சுரம் எழுத்தில் நிற்கிறது. அசைவு அதன் தலைக்கு மேல் ஓடுகிறது. பிற்காலப் பாடநூல்கள் பல இந்த நுணுக்கத்தைக் கைவிட்டு வெறும் சுரங்களோடு அமைந்துவிட்டன. ஆசிரியர் இருக்கிறாரே, அசைவை அவர் சொல்லித் தருவார் என்பது அவற்றின் நம்பிக்கை. அந்நம்பிக்கை முழுதும் தவறன்று. அலைக்கோட்டைப் பார்த்துமட்டும் எவரும் தோடியைக் கற்றுவிட முடியாது. அலை எத்துணை அகலம், எத்துணை விரைவு என்பதைக் குறி சொல்லாது. ஆயினும் இங்கு அசைவு உண்டு, அங்கு இல்லை என்று அது சொல்லும். நூறாண்டுக்குப் பின் பாடாந்தரங்கள் முரண்படும்போது அந்தச் சிறு செய்தி பொன்னாகிறது.

சொலேம் துறவியர் 1979இல் வெளியிட்ட ‘கிரதுவாலே திரிப்ளெக்ஸ்’ என்னும் பாடல் நூலில், கோடுகளின்மேல் அமைந்த சுரக்குறியோடு, பழைய இரு மரபுகளின் நியூம் குறிகளும் ஒரே பக்கத்தில் சேர்த்து அச்சிடப்பட்டுள்ளன. ஒன்று கறுப்பு மையில், மற்றொன்று சிவப்பு மையில். கோடு சுரத்தைச் சொல்ல, குறி அசைவைச் சொல்லும். முதலியாரின் ஐங்கோட்டுப் பக்கத்தையும் தீட்சிதரின் கமகக் குறிகளையும் ஒன்றாக அச்சிட்டால் கிடைப்பதும் இதுவே. இருவரும் மேசையின் இரு புறமும் அமர்ந்து வேலை செய்த நாட்களில் அத்தகைய நூலுக்கு வேண்டிய எல்லாம் அங்கே இருந்தன. கண்களும் காலமும் பொருளும் மட்டும் போதவில்லை.

இன்று மயிலை, அடையாறுப் பங்குகளில் இராகத்தில் அமைந்த தமிழ்ப் பாடல்கள் பல பாடப்படுகின்றன. நல்ல பாடல்கள் அவற்றுள் உண்டு. ஆனால் கீபோர்டின் கட்டைகள் நின்ற சுரங்களையே தருவதால், பாடற்குழுவும் அசையாமல் பாடப் பழகிவிடுகிறது. ஆனந்தபைரவியில் அமைத்த பாடல் ஆண்டு செல்லச் செல்ல ஏதோ ஒரு மேலை மெட்டுப் போல் ஒலிக்கத் தொடங்குகிறது. மெட்டமைத்தவர் அசைவைக் குறித்து வைத்திருந்தால் அடுத்த தலைமுறை இளைஞர் அதனைத் தேடிப் பிடித்திருப்பர். நம் பாட்டு நூல்களில் பெரும்பாலும் சொற்கள் மட்டுமே உள்ளன. சில நூல்களில் சுரம் உண்டு. கமகக் குறி இட்ட கிறிஸ்தவப் பாட்டு நூலை நாம் கண்டதில்லை.

முதலியாரின் ஐங்கோட்டு நூல் 1982இல் தில்லியில் மறுபதிப்புப் பெற்றது. கௌரி குப்புசாமியும் எம். ஹரிஹரனும் பதிப்பித்தனர். தியாகராஜரின் பழைய சங்கதிகளைத் தேடும் ஆய்வாளர் இன்றும் அதனைப் புரட்டுகின்றனர். எலும்புக்கூடு என்று மேலே சொன்னோம். எலும்பைக் கொண்டு உருவத்தை மீட்டெடுக்கும் கலையும் உலகில் உண்டு. பிரதர்சினியையும் வாலாஜாபேட்டைக் கையெழுத்துப் படிகளையும் உடன் வைத்துக்கொண்டு படிப்போர்க்கு முதலியாரின் புள்ளிகள் மீண்டும் அசையத் தொடங்குகின்றன.

1904இல் பிரதர்சினி அச்சாகி முடிந்தபோது அதனைக் கையில் வாங்க முதலியார் உயிரோடு இல்லை. அதன் முன்னுரையில் சுப்பராம தீட்சிதர், தம்மை இப்பணிக்குத் தூண்டியவராக அவர் பெயரைக் குறித்திருக்கிறார்.